மூன்று குதிரைச் சூடு

குளிர் முதலில் மூ லியாங்கின் இடுப்பில்தான் ஏறும். விடியும்போது முதுகெலும்பின் அடியில் யாரோ பச்சை மரக்கட்டையைச் செருகி வைத்தது போலிருக்கும். புரண்டால் வலி, புரளாவிட்டால் விறைப்பு. ஐம்பத்தெட்டு வருஷம் சூட்டு மேடையில் படுத்துப் பழகிய இடுப்பு அது. அடுப்புப் புகை மேடைக்குள் செங்கல் சந்துகளில் வளைந்து ஓடி மறுபக்கச் சுவர் வழியாகக் கூரைக்கு ஏறும். மேலே பாய் விரித்துக் குடும்பமே வரிசையாகக் கிடக்கும். அந்த மேடையைப் போன செப்டம்பரில் அவனே சம்மட்டி எடுத்து உடைத்தான். உடைத்த மேடையோடு நின்று போட்டோ பிடித்துக் கொடுத்தால்தான் அரசாங்கத்தின் மின்சாரச் சூட்டுப் பெட்டி வரும் என்றார்கள். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். போட்டோவில் எங்கள் ஊர் ஆண்கள் எல்லோருமே பல்லைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

இப்போது இரும்புக் கட்டில். சுவரில் தொங்கும் வெப்பமானியில் ஒன்பது டிகிரி. தண்ணீர் ஓடும் தகட்டுக் குழாய்களைத் தொட்டால் செத்தவன் கை மாதிரி, சூடுமில்லை, முழுக்கக் குளிருமில்லை.

"பெட்டி ஓடுதா பாரு," என்றாள் மனைவி சுய்யே, போர்வைக்குள்ளிருந்தே.

"ஓடுது. சத்தம் கேக்கலையா?"

"சத்தம் கேக்குது. சூட்டத்தான் காணோம்."

உள்ளறையில் மருமகள் ஹோங்யுன் படுத்திருந்தாள். பிள்ளை பெற்றுப் பதினோரு நாள். பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ. பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் வாசல் தாண்டக் கூடாது, பச்சைத் தண்ணீர் தொடக் கூடாது, காற்று படக் கூடாது. தலையில் துணி சுற்றி, இரண்டு பஞ்சுக் கோட்டுக்குள் குழந்தையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு கிடந்தாள். அவள் புருஷன் மங்கோலியப் பக்கம் லாரி ஓட்டுகிறான். லாரியில் நிலக்கரி. ஊரில் நிலக்கரி எரித்தால் அபராதம். ஊர்ப்பிள்ளை நாடு முழுக்க அதை அள்ளிக்கொண்டு போகிறான்.

மூ லியாங் எழுந்து வெளியே போனான். ஜன்னலுக்கு அடியில் அந்தப் பெட்டி நின்றது. வெளிக்காற்றில் இருக்கும் கொஞ்சநஞ்சச் சூட்டையும் உறிஞ்சி உள்ளே தள்ளும் என்று சொல்லிக் கொடுத்த யந்திரம். மூன்று குதிரை சக்தி. அதன் முதுகில் விரற்கடை கனத்துக்குப் பனி உறைந்திருந்தது. உறைந்ததும் அது ஊதுவதை நிறுத்தும். உள்ளே போன சூட்டையே திரும்ப இழுத்துத் தன் முதுகை உருக்கிக்கொள்ளும். பிறகு பத்து நிமிஷம் ஊதும். மறுபடி உறையும்.

"மூணு குதிரையாம்," என்று பெட்டியை ஒரு உதை விட்டான். "மூணு நொண்டிக் கழுதை."

உதைத்ததில் இடுப்பு இன்னும் பிடித்துக்கொண்டது.

பெட்டியைக் குறை சொல்லி என்ன? எங்கள் லாங்வோ ஊருக்கு வீட்டளவு எடுக்க ஆள் வந்தது ஜூலை மாதம். கீழ்ச் சமவெளியிலிருந்து வந்த ஒரு கண்ணாடிக்காரப் பையன். அரைக்கைச் சட்டை, கையில் சிவப்பு ஒளி விட்டு நீளம் காட்டும் கருவி. மலைக்குக் கீழே மாவட்டத் தலைநகரில் வாதுமை மரம் பூக்கும், பேரிக்காய் காய்க்கும். அங்கிருந்து ஆயிரம் மீட்டர் மேலே எங்கள் பாஷாங் மேடு. உருளைக்கிழங்கும் ஓட்ஸும் செம்மறியும் தவிர இங்கே எதுவும் உருப்படாது. அவன் கையிலிருந்த தாளில் 'வெளிக்குளிர்: மைனஸ் 12' என்று அச்சாகியிருந்தது. மலைக்குக் கீழேயும் அதுதான், மேலேயும் அதுதான். இங்கே எவ்வளவு குளிரும் என்று அவன் யாரையும் கேட்கவில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு சதுர மீட்டர்?" என்று மட்டும் கேட்டான்.

எங்கள் ஊர்க்காரர்களிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. தானிய வரிக் காலத்திலிருந்து, அளவுக் கயிறோடு எவன் வந்தாலும் இருப்பதில் பாதியைச் சொல்வதுதான் ஊர் வழக்கம். அளந்தவன் எவனும் கொடுக்க வந்ததில்லை, எடுக்கத்தான் வந்திருக்கிறான். நிலத்தைக் கேட்டால் பாதி மணல் என்பார்கள். ஆட்டைக் கேட்டால் பாதி மச்சான் ஆடு என்பார்கள். இந்த முறை ஒருவன் கொடுக்க வந்தான். அதை நம்ப யாருக்கும் மூளை இல்லை. வீட்டளவுக்குத் தக்கபடி குடும்பமும் பங்குப் பணம் கட்ட வேண்டும் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்துவிட்டது. முந்தின நாளே ஊர் முழுக்க அலமாரி நகர்த்தும் சத்தம்.

மூ லியாங் மேற்கு அறை வாசலுக்கு நேரே கல்யாண அலமாரியைத் தள்ளி வைத்தான்.

"அந்தப் பக்கம் என்ன பெரியப்பா?" என்று கேட்டான் கண்ணாடிக்காரன்.

"சுவரு."

"பின்னால ஜன்னல் தெரியுதே வெளியிலேருந்து?"

"அது பக்கத்து வீட்டுக்காரன் ஜன்னல்."

பக்கத்து வீடு நாற்பது அடி தள்ளி இருந்தது. பையன் ஒரு தடவை ஜன்னலைப் பார்த்தான், ஒரு தடவை வெயிலைப் பார்த்தான். அன்றைக்கு இன்னும் முப்பது வீடு பாக்கி. ஐம்பத்திரண்டு மீட்டர் என்று எழுதினான். மூ லியாங் கட்டைவிரலைச் சிவப்பு மையில் தோய்த்து அழுத்தினான். சாயங்காலம் கடை வாசலில் உட்கார்ந்து, "நாப்பத்துநாலு மீட்டர முழுங்கிட்டேன், ஏப்பம்கூட வரல," என்று சொல்லிச் சிரித்தான். அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் முப்பது முழுங்கியிருந்தான். எதிரில் இருந்தவன் ஐம்பது. ஒருவருக்கொருவர் சிகரெட் நீட்டிக்கொண்டார்கள்.

முழுங்காதவள் ஒருத்திதான். பெய் லான்யிங். புருஷன் டிராக்டர் கவிழ்ந்து செத்து ஒன்பது வருஷம். எழுபது செம்மறி வைத்துத் தனியாகக் காலம் தள்ளுகிறவள். அவள் எந்த அலமாரியையும் நகர்த்தவில்லை. எல்லாக் கதவையும் திறந்து வைத்து எழுபத்தெட்டு மீட்டரையும் அளக்கவிட்டாள். பிறகு தாளை வாங்கிப் பார்த்தாள்.

"இதென்ன தம்பி, மைனஸ் பன்னெண்டு?"

"வெளியில இருக்கற குளிரு அத்தே. அத வச்சுத்தான் பெட்டி எவ்வளவு பெருசுன்னு கணக்குப் போடுவோம்."

"எந்த ஊருக் குளிரு?"

"மாவட்டத்துக்கு அதான்."

"மாவட்டமா வந்து என் வீட்டுல படுக்கப் போவுது?"

பட்டிக் கதவில் ஆணியில் தொங்கிய ஒன்பது காலண்டர்களைக் கழற்றிக்கொண்டு வந்து அவன் மடியில் போட்டாள். மைனஸ் இருபத்தைந்துக்குக் கீழே போனால், ஈரத்தோடு விழுந்த குட்டிக்குக் காது உறைந்து உதிர்ந்துவிடும். அதனால் குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு விடியலிலும் பட்டி வாசல் குளிரை அவள் பென்சிலால் குறித்து வைப்பாள். "பாரு. நீண்ட ராத்திரி கழிஞ்சு ஒன்பது ஒன்பது நாளா எண்ணுனா மூணாம் ஒன்பது, இருக்கறதுலயே குளிரு அதுதான். முப்பத்திரண்டு, முப்பத்துநாலு, முப்பத்தொண்ணு. வருஷா வருஷம். நீ போட்ட பன்னெண்டு எனக்கு ஏப்ரல் மாசம் தம்பி. ஏப்ரலுக்கு எனக்குப் பெட்டி வேணாம்."

"ஒரு வீட்டுக்கு மட்டும் மாத்த முடியாது அத்தே."

"அப்ப ஒரு விரல் ரேகை கொறையும். எடுத்துட்டுப் போ."

ஒரு வீடு குறைந்தாலும் ஊர்க் கணக்கு முடியாது. பையன் இரண்டு மணி நேரம் அவள் வீட்டில் உட்கார்ந்து, வேகவைத்த ஓட்ஸ் மாவுச் சுருளை ஆட்டுக் குழம்பில் தொட்டுத் தின்றுகொண்டே ஆபீசுக்குப் போன் போட்டான். கடைசியில் எண்ணை அடித்துத் திருத்தினான். நான்கு குதிரைப் பெட்டி இரண்டு. பங்குப் பணத்துக்கு அவள் பதினோரு ஆடு விற்றாள்.

அன்றைக்கு ஊருக்குக் கிடைத்த தீனி அது. கடை வாசலில் மூ லியாங் தான் ஆரம்பித்தான்: "ஆம்பள இல்லாத வீட்டுக்கு எட்டுக் குதிரையா? ஏறி ஓட்ட ஆள் தேடறா போல." அவள் உப்பு வாங்க வந்து, அவன் முதுகுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். உப்பை வாங்கினாள், சில்லறையை எண்ணினாள், போனாள். அந்தப் பகடி குளிர்காலம் வரை ஊரில் ஓடியது. பொய் சொல்லத் தெரிந்த அளவுக்கு எங்கள் ஆட்களுக்குக் கணக்கு தெரியாது. பகடி மட்டும் நன்றாக வரும்.

மூன்றாம் ஒன்பது பிறந்த முதல் நாள், பத்துத் தடவை போன் போட்ட பிறகு, பழுது பார்க்கிறவன் வந்தான். குட்டையான ஆள், பெயர் தூ. பெட்டியின் வயிற்றைத் திறந்து ஏதோ முள் கருவியை வைத்துப் பார்த்தான். மூடினான்.

"பெட்டி நல்லா இருக்கு பெரியப்பா."

"நல்லா இருக்கா? உள்ள வந்து பாரு. பச்சப் புள்ள வெறச்சுக் கெடக்குது."

தூ உள்ளே வந்தான். வெப்பமானியைப் பார்த்தான். போனில் பதிவை எடுத்தான். பிறகு நின்ற இடத்திலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தான். குழந்தை வருகிறதென்று மேற்கு அறை வாசலிலிருந்து அலமாரியை எப்போதோ நகர்த்தியாகிவிட்டது. அந்த அறைக்கும் குழாய் இழுத்திருந்தான் மூ லியாங், சந்தையில் வாங்கிய பழைய குழாய். தூ தன் கருவியை எடுத்து நான்கு தடவை அழுத்தினான்.

"தொண்ணூத்தாறு மீட்டர் இருக்கு."

மூ லியாங் சிகரெட் நீட்டினான்.

"பதிவுல அம்பத்திரண்டு. மிச்சம் நாப்பத்துநாலு எப்பப் பொறந்துச்சு பெரியப்பா? பேத்தி கூடவே பொறந்துச்சா?"

"அளந்தது உங்க ஆளுதானே!"

"அலமாரிய வச்சது யாரு? நான் பதினேழு ஊரு பாத்துட்டேன். எல்லா ஊர்லயும் அலமாரி நகர்ந்த தடம் தரையில இருக்கு. இந்தா, இங்கயும் இருக்கு." செருப்பு நுனியால் தரைக் கீறலைக் காட்டினான். "மூணு ஆளுக்குச் சோறாக்கற சட்டியில ஆறு பேருக்குப் பொங்கச் சொன்னா எங்க பொங்கும்?"

சுய்யே அடுப்படியிலிருந்து வந்தாள். "சரி தம்பி, பொய் சொன்னோம். அம்பத்திரண்டு மீட்டரு மட்டும் இருந்தா சூடு ஏறியிருக்குமா? அதச் சொல்லு."

தூ சிகரெட்டைக் காதில் செருகினான்.

"ஏறியிருக்காது அத்தே. தாள்ல பன்னெண்டு. வெளியில முப்பத்திரண்டு. மைனஸ் முப்பதுல இந்தப் பெட்டி பாதிச் சூடுதான் கக்கும். அதுலயும் பாதி நேரம் தன் முதுக உருக்கவே சரியாப் போவும்."

"அப்ப நீங்க பண்ணுனது?"

"நானா பண்ணுனேன்? தாளு பண்ணுச்சு."

"தாளுக்கு வாயில்ல. அதனால உங்களுக்கு வசதி," என்றாள் சுய்யே. "எங்க ஆளு நாப்பத்துநாலு முழுங்குனாரு, நீங்க இருவது டிகிரிய முழுங்குனீங்க. ரெண்டு பேருக்கும் செரிச்சிருச்சு. என் பேத்திக்குத்தான் செரிக்கல."

மேற்கு அறைக் குழாயை மூடச் சொல்லிவிட்டு, புகார்த் தாளில் 'யந்திரத்தில் பழுது இல்லை' என்று எழுதி, மூ லியாங்கிடம் இன்னொரு விரல் ரேகை வாங்கிக்கொண்டு தூ மலை இறங்கினான். மேற்கு அறையை மூடியதில் பதினோரு டிகிரி வந்தது.

மறுநாள் வெள்ளைமுடிக் காற்று கிளம்பிவிட்டது. பனியைத் தரையிலிருந்து வாரி மயிர் மயிராக வீசும் காற்று. முன்னே போகிறவன் முதுகு தெரியாது. மலைப்பாதை அடைத்தாகிவிட்டது, ஆம்புலன்ஸ் வராது. பதினொன்று எட்டாக இறங்கியது. மின்சார அடுப்பைச் செருகினால் ஃபியூஸ் போகிறது. ஊர்க் கம்பியும் யாரோ ஒருத்தன் தாளைப் பார்த்துப் போட்டதுதான். இரண்டு வீடு தள்ளி ஒருவன் இரும்பு வாளியில் விறகு எரித்துப் புகையில் மயங்கி விழுந்தான். கதவை உடைத்து வெளியே இழுத்துப் போட்டார்கள்.

காலையில் ஹோங்யுன் கூப்பிட்டாள். குரலில் பயம் இல்லை. அதுதான் சுய்யேவுக்குப் பயமாக இருந்தது.

"அத்தே, புள்ள பால் குடிக்க மாட்டேங்குது. அழவும் மாட்டேங்குது."

ஊர் மருத்துவப் பெண் ஷென், வீட்டுக்கு வீடு கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு காற்றில் வந்து சேர்ந்தாள். குழந்தையின் கெண்டைக்காலை அழுத்தினாள். உறைந்த பன்றிக் கொழுப்பு மாதிரி இறுகியிருந்தது. அழுத்திய இடம் பள்ளமாகவில்லை. உடல் சூடு முப்பத்து நான்கு.

"இருபத்துநாலு டிகிரி அறை வேணும். மதியத்துக்குள்ள. அம்மா நெஞ்சோட தோல்மேல தோலா வச்சுக் கட்டணும். இந்த வீட்டுல வச்சிருந்தா நாளைக்கு நான் வர வேண்டியதில்ல."

சொல்லிவிட்டு நின்றாள். ஊரில் இருபத்துநாலு டிகிரி எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

"லான்யிங் வீட்டுக்குக் கொண்டு போறேன்," என்றாள் சுய்யே.

"புத்தி கெட்டுப் போச்சா?" மூ லியாங் எழுந்தான். "மாசம் கழியாதவள அடுத்தவன் வாசப்படி ஏத்துவாளா எவளாவது? ஏறுன வீட்டு அதிர்ஷ்டத்த மிதிச்ச மாதிரி. அவளுக்குக் குட்டி போடற காலம் வேற. ஒரு ஆடு செத்தாலும் நம்ம தலையில வந்து விடியும்."

"ஆடு சாவுமேன்னு கவலையா? அவகிட்ட போயி நிக்கணுமேன்னு கவலையா?"

"நான் எதுக்கு நிக்கணும்?"

"நீ நிக்க வேணாம். உன் இடுப்புக்கு நிக்க வராது. பொய் சொல்லறதுக்குத்தான் அலமாரிய நகத்த வரும்."

"மாமா, வழிய விடுங்க," என்றாள் ஹோங்யுன். கோட்டுகளை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் மாமனாரிடம் அவள் சொன்ன முதல் எதிர்ப்பேச்சு அதுதான். அவன் விலகினான். விலகி, கட்டிலில் உட்கார்ந்தான். போர்த்திக்கொண்டான்.

முந்நூறு அடி தூரம். மூன்று பெண்களும் ஒருத்தி இடுப்பை ஒருத்தி பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஊரில் எத்தனையோ ஆண்கள் ஜன்னல் பனியைச் சுரண்டிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவனும் வெளியே வரவில்லை. காற்று பலம் என்பார்கள், கேட்டால்.

லான்யிங் கதவைத் திறந்தாள். கையில் ஈரக்குட்டி ஒன்று, துணியில் சுற்றியபடி. பின்னாலிருந்து வந்த சூட்டில் சுய்யேயின் கண்ணிமைப் பனி உருகிக் கன்னத்தில் வழிந்தது. அழுகிறாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"லான்யிங், புள்ள..." என்று ஆரம்பித்தாள். "மாசம் கழியாதவ. தெரியும். வழக்கம் தெரிஞ்சுதான் வந்திருக்கேன்."

லான்யிங் மூன்று பேரையும் பார்த்தாள். அவர்களுக்குப் பின்னால் காலியான பாதையையும் பார்த்தாள்.

"லியாங் அண்ணன் வரலியா?"

"இடுப்பு வலி."

"ஓ. வாய்க்கு வலி இல்லியே? கடை வாசல்ல நல்லாத்தான் ஓடுச்சு."

"லான்யிங்..."

"உள்ள வா அக்கா. கதவ மூடு. நான் பதினோரு ஆடு வித்த சூடு வெளிய போவுது."

அவளே ஹோங்யுனின் கையைப் பிடித்து வாசற்படி தாண்டவைத்தாள். குட்டியை அடுப்படியில் விட்டாள். தன் கட்டிலைக் கொடுத்தாள். ஹோங்யுனின் சட்டையைக் கழற்றி, குழந்தையை வெறும் மார்பில் வைத்து, ஆட்டுத்தோலால் சேர்த்துக் கட்டினார்கள். அறையில் இருபத்தைந்து. தினைக் கஞ்சியில் நாட்டுச் சர்க்கரையும் இரண்டு முட்டையும் போட்டு லான்யிங் நீட்டினாள்.

"குடி. உனக்குச் சூடு ஏறுனாத்தான் அதுக்கு ஏறும். பாலு வரும். ஆட்டுக்கே வருது, உனக்கு வராதா?"

"எங்களால உங்க வீட்டுக்கு ஆவாதே அக்கா..." என்றாள் ஹோங்யுன்.

"எனக்கு ஆவாதது டிராக்டரோட போச்சு. நீ குடி."

மதியம் கழிந்து குழந்தை அழுதது. பட்டியில் குட்டி கத்துகிற மாதிரி மெல்லிய சத்தம். ஷென் வெப்பமானியை எடுத்துப் பார்த்து முப்பத்தாறு என்றாள். சுய்யே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வழக்கம் என்ன என்பதை அப்போது சுய்யேதான் சொன்னாள். மாதம் கழியாதவளை ஏற்றிய வீட்டுக்கு, அவள் வீட்டுக்காரர்கள் நிலைக்காலில் சிவப்புத் துணி கட்டி, ஒரு சரம் வெடி போட வேண்டும். மிதித்த அதிர்ஷ்டம் அப்போதுதான் திரும்பும். "மாசம் முடிஞ்சதும் நான் கட்டறேன் லான்யிங்."

"நீ கட்ட வேணாம் அக்கா," என்றாள் லான்யிங், குட்டியின் காதைத் தேய்த்துக்கொண்டே. "வீட்டுக்குத் தலைவன் கட்டணும். பட்டப்பகல்ல, ஊரு பாக்க. அவரு வாயத் தொறந்ததும் பட்டப்பகல்லதான்."

பத்தொன்பது நாள் அந்தச் சூட்டில் இருந்தார்கள். குழந்தை தேறியது. கால் இளகியது. இடையில் இரண்டு ஆடு குட்டியைக் காலத்துக்கு முன் போட்டன. மாதம் கழியாதவள் மிதித்த மிதி என்றது ஊர். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பனியில் வழுக்கி விழுந்த ஆடுகள் அவை என்றாள் லான்யிங். ஊருக்கு அந்தக் காரணம் ருசிக்கவில்லை.

அந்த நாட்களில் மூ லியாங் ஒரு தடவைகூட அந்த வாசலுக்கு வரவில்லை. எட்டு டிகிரியில், மூன்று போர்வைக்குள், தனியாகக் கிடந்தான். மாதம் முடிந்து பெண்கள் வீடு திரும்பிய அன்று இரண்டு மூட்டை உருளைக்கிழங்கைச் சுய்யே கையில் அனுப்பினான். லான்யிங் வாங்கிக்கொண்டாள், ஆட்டுக்கு வெட்டிப் போட்டாள். மடித்த சிவப்புத் துணியையும் அனுப்பினான். அதைத் திருப்பி அனுப்பினாள்.

"நான் என்ன தப்பு பண்ணேன்? ஒரு பேச்சு, சும்மா சிரிக்கறதுக்கு," என்றான் மூ லியாங்.

"அப்ப போயி சிரிச்சுக்கிட்டே கட்டு," என்றாள் சுய்யே.

வசந்தத்தில் மாவட்டத்திலிருந்து புதிய கண்ணாடிக்காரன் ஒருவன் வந்தான், திருத்தக் கணக்கு எடுக்க. இந்தத் தடவை தாளில் குளிர் மைனஸ் முப்பது என்று இருந்தது. பெரிய பெட்டி, அரசாங்கச் செலவில். ஊர் முழுக்கக் கதவைத் திறந்து போட்டார்கள். மூ லியாங் தொண்ணூற்றாறு மீட்டரையும் காட்டினான், கோழிக்கூண்டையும் சேர்த்து நூற்றுப் பத்து என்றான். அதற்கும் ஒரு விரல் ரேகை வைத்தான். கட்டைவிரலில் சிவப்பு மை காயுமுன் கடை வாசலுக்குப் போய் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தான்.

கடைக்கு எதிர்ச் சரிவில்தான் லான்யிங்கின் வீடு. நிலைக்கால் வெறுமையாக இருக்கிறது. லான்யிங்குக்கு மூ லியாங் தர வேண்டியது: ஒரு சரம் வெடி, மூன்று முழம் சிவப்புத் துணி, அதைப் பட்டப்பகலில் தன் கையால் கட்டிவிட்டுச் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை. இன்றுவரை தரவில்லை.